திகனவுக்கும் குண்டசாலைக்கும் இடையே

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில் முதலில் குண்டசாலை வரும். அதைத் தாண்டினால் திகன, பிறகு தெல்தெனிய. ஆறரை ஆண்டு இடைவெளியில் இந்த ஊர்களின் பெயர் இரண்டு முறை இணையத்தோடு சேர்த்து உச்சரிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சைத் தடுப்பதாகச் சொல்லி முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை மார்ச் 7ஆம் திகதி நாடு முழுவதும் அரசு முடக்கியது. 2024 ஒக்டோபரில், குண்டசாலையில் ஒரு சொகுசு விடுதியில் தங்கியிருந்து இணைய மோசடி செய்தார்கள் என்ற சந்தேகத்தில் 120க்கும் மேற்பட்ட சீனர்கள் கைதானார்கள்.

முதல் நிகழ்வில் இணையச் சேவை வழங்குநர்களிடம் அரசு கேட்கக் கூடாத அளவுக்குக் கேட்டது. இரண்டாவது வகைக் குற்றத்தில் அவர்களிடம் கேட்பதற்கு நமது சட்டத்தில் அதிகம் இல்லை. இந்த முரணை வைத்துத்தான் வழங்குநரின் பொறுப்பை எடைபோட வேண்டும்.

வழங்குநர் தரப்பு வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வீதியில் திருடன் போனான் என்பதற்காக வீதி அதிகார சபையைக் கூண்டில் ஏற்றுவதா என்று அவர்கள் கேட்கிறார்கள். வட்ஸ்அப் போன்ற செயலிகளில் நடக்கும் பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. நடுவில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது பூட்டிய பெட்டி மட்டும். ஒரு விடுதி அறையிலிருந்து யாரோ யாரையோ ஏமாற்றும் பேச்சை வழங்குநர் கேட்டிருக்க வழியில்லை. வழி இருந்தாலும் கேட்கக் கூடாது. இதுவரை அவர்கள் சொல்வது சரி.

ஆனால் வீதி உவமை ஓரிடத்தில் உடைகிறது. தன்மேல் ஓடும் வண்டி யாருடையது என்று வீதிக்குத் தெரியாது. வழங்குநருக்குத் தெரியும். அடையாள அட்டையைப் பதிந்துகொண்டே சிம் அட்டையைக் கொடுக்கிறார். எந்த இணைப்பில் எவ்வளவு தரவு போனது என்று எண்ணிப் பார்த்தே கட்டணம் அறவிடுகிறார். காசுக்காக எண்ணத் தெரிந்தவர், தீங்கை எண்ண முடியாது என்று கைவிரிக்க முடியாது.

ஆனால் எரிதம், அதாவது கேளாமல் மொத்தமாக வந்து குவியும் மின்னஞ்சல், எண்ணிப் பிடிக்கக்கூடிய குற்றம். 1997 ஆகஸ்டில் இலங்கைத் தூதரகங்கள் சிலவற்றை மின்னஞ்சல்களால் திணறடித்ததற்கு ‘இணையக் கரும்புலிகள்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட அமைப்பு உரிமை கோரியது. அங்கே ஆயுதமாக இருந்தது எண்ணிக்கை. அதைக் காண எந்தக் கடிதத்தையும் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. இன்றும் அப்படித்தான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு இணைப்பு ஒரே இரவில் பல்லாயிரம் மின்னஞ்சல்களைக் கொட்டுகிறது என்றால், அந்த வீட்டுக் கணினி வேறொருவர் கையில் இருக்கிறது என்று ஊகிக்க உள்ளடக்கம் தேவையில்லை. பொய்யான மூல முகவரியோடு தம் வலையமைப்பிலிருந்து வெளியேறும் தரவை வாசலிலேயே நிறுத்தும்படி இணையத் தொழில்நுட்பவியலாளர் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

வழங்குநர் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2008 நவம்பரில் ஒரு சோதனையே நடந்தது. எரிதம் அனுப்பும் கணினிப் படைகளை இயக்கிய சேவையகங்களுக்கு இடம் கொடுத்திருந்த மக்கோலோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் இணைப்பை, அதற்கு மேல்நிலையில் இருந்த வழங்குநர்கள் இருவர் துண்டித்தார்கள். உலகின் எரிதம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. சில மாதங்களில் பழைய அளவுக்கு ஏறியும் விட்டது. இந்தச் சான்று இரு பக்கமும் வெட்டும். வழங்குநரால் முடியும் என்பது உறுதியாகிறது. ஒருமுறை துண்டித்தால் போதாது என்பதும் உறுதியாகிறது. தொடர்ந்து செய்யவைக்கச் சட்டம் வேண்டும்.

நமது சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, விசாரணைக்கு வேண்டிய தரவை ஏழு நாட்களுக்குப் பேணிவைக்குமாறு எழுத்தில் கோரலாம். நீதவான் அதை 90 நாட்கள் வரை நீடிக்கலாம். ஆனால் அறிவித்தல் வரும்போது மிஞ்சியிருப்பதைத்தான் பேண முடியும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதமில்லாத விளம்பரச் செய்திகளைத் தடுக்க வந்தது. அதன் சுமை அனுப்புநர் மீது விழுகிறது. பெயரை மறைத்து ஏமாற்றுபவன் அதற்குக் கட்டுப்படப் போவதில்லை. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழி ஏமாற்றையும் குற்றமாக்குகிறது. ஆயினும் அது வழங்குநரிடம் எதிர்பார்ப்பது, தடைசெய்யப்பட்ட கூற்றுகளுக்கான வழியை நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழு சொன்னதும் அடைப்பதை. உள்ளடக்கத்தில் கைவைக்க ஏவுகிற அளவுக்கு, தன் வலையமைப்பின் ஒழுக்கத்துக்குப் பதில் சொல்லும்படி சட்டம் அவரை நெருக்கவில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. நிறுவனப் பெயரில் வரும் குறுஞ்செய்திகளுக்கு 2023 ஜனவரி முடிவில் பெயர்ப் பதிவைக் கட்டாயமாக்கியது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட வகைத் தூண்டில் மோசடிகளில் வங்கி தன் கடமையைச் செய்யத் தவறினால் வங்கி நட்டத்தை ஏற்கும். வங்கி செய்து தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் அது ஏற்கும். இருவரும் செய்திருந்தால் மட்டுமே நட்டம் வாடிக்கையாளர் தலையில் விழும். இங்கே அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் ‘பொதி வந்திருக்கிறது’ என்று சொல்லிக் கடனட்டை விபரம் கேட்கும் போலிச் செய்திகள் வந்தபோது, திணைக்களம் மக்களை எச்சரித்தது. ஏமாந்தவருக்கு எச்சரிக்கையால் பணம் திரும்பாது.

வழங்குநர் மீது இத்தகைய கடமையைச் சுமத்துவது சிறு நாட்டுக்குத் தாங்காத செலவு என்பார்கள். எயார்டெல் லங்கா 2024இல் டயலொக்குடன் இணைந்த பிறகு, இந்நாட்டின் பெரிய வலையமைப்புகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். விதி போடவும் கண்காணிக்கவும் இதைவிட வசதியான சந்தை கிடைக்காது.

கனமான ஆட்சேபம் வேறு: வழங்குநரை ஏவும் அதிகாரம் யார் கைக்குப் போகும்? 2018இல் தீ மூண்டு இரண்டு மூன்று நாள் கழித்தே முடக்கம் வந்தது. விபிஎன் தெரிந்தவர்கள் தொடர்ந்து பேசினார்கள். உறவினரின் நிலை அறியத் துடித்தவர்கள் தவித்தார்கள். உண்மையான குறை வேறிடத்தில் இருந்ததை, தன் தளம் அந்த வன்முறையில் பயன்பட்டதற்காக 2020இல் முகநூல் நிறுவனம் கேட்ட மன்னிப்பு காட்டியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசுக்கெதிரான போராட்டத்தை ஒட்டி மறுபடியும் சமூக ஊடகங்கள் முடங்கின. அரசே நல்ல வழங்குநர் என்றும் சொல்ல முடியாது. 2023இல் அரச மின்னஞ்சல் சேவையைத் தாக்கிய கப்பமென்பொருளால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் அழிந்தன. அவற்றுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை.

ஆகவே தீர்ப்பு இது. வழங்குநர் நம் அஞ்சலைப் படிக்கும் நீதிபதியாகக் கூடாது. நீதிமன்றக் கட்டளையின்றி எந்தத் தளத்தையும் முடக்கவும் கூடாது. தன் வலையமைப்பிலிருந்து வெளியேறும் வெள்ளத்துக்கும், தான் கொண்டுசேர்க்கும் அனுப்புநர் பெயருக்கும், முறைப்பாடு கிடைத்த நேரத்திலிருந்து தான் காட்டும் தாமதத்துக்கும் அவரே பொறுப்பு. அந்தக் கடமையில் தவறினால் ஏமாந்தவரின் நட்டத்தில் அவருக்கும் பங்கு விழ வேண்டும். நாட்டின் கணினி அவசர உதவிக்கு 101 என்ற இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்துக்கு வரும் முறைப்பாடு எத்தனை மணித்தியாலத்தில் வழங்குநரிடம் செயலாகிறது என்பதை தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிடட்டும்.

திகனவுக்காக வழங்குநர் நாட்டையே பூட்டினார். குண்டசாலை போன்ற இடங்களில் அவர் செய்ய வேண்டியது, தன் வாசலைப் பார்த்துக்கொள்வது மட்டுமே.