ஓர் எண் போதுமா?

மதுரை மாட்டுத்தாவணியில் நிற்கும் ஒரு பேருந்து, மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி நெரிசலில் அது சிம்மக்கல்லைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பதை அந்த எண் கூறுமா? கூறாது. கணிப்பொறியின் வேகத்தைப் பறைசாற்றும் எண்களும் இத்தகையனவே.

கணிப்பொறிக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அதை முடிக்க ஆகும் நேரத்தை அளக்கும் நிரலைச் சோதனை நிரல் எனலாம். 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய ‘டிரைஸ்டோன்’ இவ்வகையில் பெயர்பெற்றது. ஆனால் அது மிகச் சிறியது. செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தில் அடங்கிவிடும். ஆகவே, முதன்மை நினைவகத்திலிருந்து தகவல் வந்து சேரும்வரை செயலி காத்திருக்கும் நேரம் இச்சோதனையில் வெளிப்படுவதில்லை. அன்றாட வேலைகளிலோ அக்காத்திருப்பே பெருந்தடை.

பெருங்கணிப்பொறிகளை வரிசைப்படுத்தும் ‘டாப்500’ பட்டியல் 1993இல் தொடங்கியது. ஏராளமான சமன்பாடுகளைத் தீர்க்கும் ‘லின்பேக்’ சோதனையே அதற்கு அளவுகோல். 2020 நவம்பரில் முதலிடம் பெற்ற ஜப்பானின் ‘ஃபுகாகு’ இச்சோதனையில் 442 பெட்டாஃப்ளாப் காட்டியது. அதே பொறி, நினைவகத்தை அதிகம் நாடும் ‘எச்பிசிஜி’ சோதனையில் காட்டியது 16 மட்டுமே! பொறி ஒன்றுதான்; கொடுத்த வேலைதான் வேறு.

நம் அருகில், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ 2022 மே மாதம் இயங்கத் தொடங்கியது. அறிவிக்கப்பட்ட அதன் திறன் 838 டெராஃப்ளாப். அதாவது, விநாடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். இது பெருமைக்குரியதே. எனினும் அதில் ஆராய்ச்சி செய்யும் மாணவர் கேட்கவேண்டியது, “என் கணக்கு எத்தனை மணி நேரத்தில் முடியும்?” என்பதே.

இன்னொரு குறையும் உண்டு. தேர்வு வினாத்தாள் முன்பே தெரிந்தால், பாடம் படிக்காதவரும் மதிப்பெண் பெறலாம் அல்லவா? 2018இல் ‘3டிமார்க்’ சோதனையை நடத்தும் யூஎல் நிறுவனம், ஹுவாவேயின் பி20 உள்ளிட்ட சில கைப்பேசிகளைத் தன் தரவரிசையிலிருந்து நீக்கியது. சோதனை நிரலின் பெயரை அடையாளங்கண்டு அவை கூடுதல் வேகத்துக்கு மாறியதே காரணம்.

அப்படியாயின் சோதனைகள் வீணா? இல்லை. ஒரே நிரலை, ஒரே நிலையில், இரு பொறிகளில் ஓட்டி ஒப்பிட்டால் அவை மிகவும் பயன்படும். எதை அளந்தோம் என்பதை மறந்து, எண்ணை மட்டும் நம்புவதே பிழை.

கல்லூரிப் படிப்புக்காக வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நீங்கள் கணிப்பொறி வாங்கச் செல்லலாம். பெட்டியின் மேலுள்ள எண்ணோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் நாள்தோறும் செய்யப்போகும் வேலையை அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கைக்கடிகாரத்தைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய சோதனை அதுவே.