வண்ணக் கண்ணாடியும் உப்புக் காற்றும்

பழைய வீட்டை விலைக்கு வாங்கிப் புதுப்பிப்போர், அதற்கேற்ற பழைய வண்ணக் கண்ணாடிகளையும் தேடி வாங்கிச் சாளரங்களில் பொருத்தும் விருப்பம் இன்று பரவியிருக்கிறது. புதுச்சேரியின் பழைய தெருக்களிலும், அங்கிருந்து மரக்காணம் வழியாகச் சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறத்து மனைகளிலும் இதனைக் காணலாம். இவ்விருப்பத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. குப்பைக்குப் போகவிருந்த பொருளொன்று மீண்டும் ஒரு கூரையின் கீழ் வந்து சேர்வது நல்லதே. ஆயினும் அவ்வாறு வந்து சேர்ந்த கண்ணாடிகள் பெரும்பாலும் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதைக் கலைநோக்கில் ஆராய வேண்டியிருக்கிறது. புதுப்பித்தல் என்ற பெயரில் நிகழ்வது பல இடங்களில் அழித்தலே என்பது என் முடிபு.

இக்கரைக்கு வண்ணக் கண்ணாடி அயலானதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் ழான்-மரி கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் நிகழ்த்திய அகழாய்வுகளில் நீலம், பச்சை, செம்மண் நிறம் எனப் பல நிறக் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கைவினைஞர் உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, மணியாக்கிக் கடல் கடந்து அனுப்பியிருக்கின்றனர். மணி செய்தவர்கள் ஏன் பலகணிக்குக் கண்ணாடி செய்யவில்லை என்று கேட்கலாம். நம் நாட்டு வீட்டிற்கு வேண்டியது காற்று. கண்ணாடி காற்றைத் தடுக்கும். மரச் சட்டமும் கம்பியுமே நமக்குப் போதுமாயிருந்தன.

சாளரத்திற்கான கண்ணாடி ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. அதன் பிறப்பிலும் உப்புக்குப் பங்குண்டு என்பதை மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து செல்வோர் நினைத்துப் பார்க்கலாம். மணல் உருகுவதற்குச் சோடா வேண்டும். அச்சோடாவைக் கறியுப்பிலிருந்து பிரிக்கும் வழியை 1791இல் பிரான்சின் லெப்ளாங் கண்டார். 1860களில் பெல்ஜியத்தின் சோல்வே அதனினும் மலிவான வழியைக் கண்டார். பின்னர் பெல்ஜியத்துக் கண்ணாடி உலகெங்கும் பரவியது. செட்டிநாட்டு வீடுகளிலும் பருமாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு ஆகியவற்றோடு அது இடம்பெற்றது. உப்பிலிருந்து பிறந்த அப்பொருளை இன்று உப்புக் காற்று அலைக்கழிப்பதைப் பின்னர்க் காண்போம்.

வாங்குவோர் முதலில் உணர வேண்டியது, நம்மிடையே வண்ணக் கண்ணாடி இரு குலத்தது என்பது. ஒன்று கோயிற் கண்ணாடி. 1902இல் தொடங்கி 1907இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்ற புதுச்சேரி இயேசுவின் திரு இருதய ஆலயத்தில் இதனைப் பார்க்கலாம். ஆண்டவரின் வாழ்வு நிகழ்ச்சிகளும் புனிதர்களின் உருவங்களும் அங்கே ஒளியில் எழுந்து நிற்கின்றன. இவ்வகையில் நிறம் கண்ணாடியின் உள்ளேயே கலந்திருக்கும். முகம், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றின் கோடுகளோ, இரும்புத் துருவும் கண்ணாடித் தூளும் கலந்த கருமையால் தீட்டப்பெற்றுச் சூளையில் சுடப்பெற்றவை. துண்டுகளை இணைப்பது ஈயப் பட்டை. மற்றொன்று வீட்டுக் கண்ணாடி. இதில் சித்திரம் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எனத் தனித்தனிச் சதுரங்கள் தேக்குச் சட்டத்தில் மக்கு வைத்துப் பதிக்கப்பட்டிருக்கும். நிலைக்கு மேலே அரைவட்டத்தில் விசிறிபோல் விரிந்திருப்பதும் உண்டு.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, வீட்டுச் சதுரங்களின்மேல் புதிதாகப் பூவும் மயிலும் தீட்டி விற்கிறார்கள். சூளையில் சுடாத அவ்வண்ணம் நகம் பட்டாலே உரிந்துவிடும். இதனை அழகென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வீட்டுக் கண்ணாடியின் அழகு அதன் மௌனத்தில் இருக்கிறது. பிற்பகல் வெயிலில் முற்றத்துத் தரையில் ஒரு சிவப்புக் கட்டம் மெல்ல நகர்ந்து சுவரில் ஏறுமே, அதற்கு மயில் எதற்கு?

ஒளியைப் பற்றிச் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். 1144இல் பாரிசின் அருகே சேன்-தெனி மடத்துக் கோயிலின் புதிய திருமுற்றம் நேர்ந்தளிக்கப்பட்டபோது, மடாதிபதி சுஜே கண்ணாடி வழியே வரும் ஒளியை மனத்தை மேலே உயர்த்தும் ஏணியாகக் கண்டார். அதே நூற்றாண்டில் சிஸ்டர்சியத் துறவியரோ தங்கள் கோயில்களில் நிறக் கண்ணாடியை விலக்கி, வெண்கண்ணாடி போதுமென்றனர். இறையியல் மாணவர்கள் இவ்விரு பக்கங்களையும் படிக்கிறார்கள். ஆனால் இருவரும் பேசியது வடநாட்டு வானத்தின் மங்கிய ஒளியைப் பற்றி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உப்புப் பாத்திகள் வெள்ளை வெளேரென மின்னும் இக்கரையின் வெயில் வேறு. வெளிர் நிறக் கண்ணாடியை இவ்வெயிலுக்கு நேராக வைத்தால் நிறம் வெளிறிக் கண் கூசும். கோடுகள் கரைந்துபோகும். செட்டிநாட்டுக் கொத்தனார்கள் இதனை அறிந்திருந்தனர் போலும். ஆழ்ந்த நிறங்களையே தேர்ந்து, உயரத்தில், தாழ்வாரத்து நிழலில் அவர்கள் பதித்தார்கள். இன்றோ அதே கண்ணாடியைக் கழற்றி வந்து வரவேற்பறைச் சுவரில் ஒரு பெட்டிக்குள் அடைத்துப் பின்னால் மின்விளக்கு எரிய விடுகிறார்கள். காலையும் மாலையும் மேகமும் அதற்கு இல்லை. அது சாளரம் அன்று, விளம்பரப் பலகை.

இனி விலைக்கு வருவோம். காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. பருமாவின் வணிகம் முறிந்தபின், பாகப்பிரிவினையாலும் பராமரிக்க இயலாமையாலும் இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் கண்ணாடிகளும் அங்கே வந்து சேர்ந்தன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. எனினும் வீடு தனியார் உடைமை; பிரிப்பதும் நிற்கவில்லை. வாங்குவோர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வீடு இடிந்ததால் கண்ணாடி வந்ததா, கண்ணாடிக்காக வீடு இடிந்ததா? நம் ஆசையே இரண்டாவதற்குக் காரணமாகக் கூடும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு நூறாண்டு கடந்த பொருளையும் தொல்பொருள் என்றே கொள்கிறது. அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நாட்டைவிட்டு வெளியே அனுப்பத் தனியார்க்கு அனுமதியில்லை.

கோயிற் கண்ணாடிக்கோ திருச்சபைச் சட்டமும் உண்டு. கலையாலோ வரலாற்றாலோ மதிப்புடைய உடைமைகளைத் திருப்பீடத்தின் அனுமதியின்றி விற்றல் செல்லாது என 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1292ஆம் பிரிவு கூறுகிறது. வெள்ளி விழாவிற்காகப் பழைய சாளரத்தை எடுத்துவிட்டு அலுமினியச் சட்டமும் நிற ஒட்டுத்தாளும் வைக்கத் துடிக்கும் பங்குப் பேரவைகள் இதை ஒருமுறை படிக்கலாம். ஒட்டுத்தாள் நம் வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெளுத்துச் சுருளும். ஈயத்தில் கட்டிய சாளரம் நூறாண்டு தாங்கும்.

பழுதுபார்த்தலில்தான் பெருந்தவறு நிகழ்கிறது. வணிகர் அமிலத்தால் துடைப்பார்; அழுக்கோடு பாதி முகமும் போய்விடும். விரிசல் கண்ட துண்டை எறிந்துவிட்டுப் புதியதை வெட்டி வைப்பார். காணாத தலைக்குத் தாமே ஒரு தலை வரைவார். அத்தலை பெரும்பாலும் திரைப்பட நடிகர் ஒருவரை ஒத்திருக்கும். பன்னாட்டு அறிஞர் குழுவான கோர்ப்பஸ் வித்ரெயாரும் 1989இல் வகுத்து 2004இல் திருத்திய நெறிகளின் சாரம் இதற்கு நேர்மாறானது: இயன்ற அளவு குறைவாகத் தொடுதல்; தொட்டதையெல்லாம் எழுதியும் படமெடுத்தும் வைத்தல்; பின்வருவோர் நீக்கக்கூடிய முறையிலேயே எதையும் சேர்த்தல். விரிசலை விளிம்போடு விளிம்பாக ஒட்டலாம். இல்லாத முகத்தின் இடத்தில் அடங்கிய நிறத்தில் ஒரு வெறுந்துண்டு போதும். நம் நாட்டில் இது இயலாது என்பாரும் உளர். மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரத்துச் சாளரங்களைச் சுவாதி சந்த்கட்கர் சீரமைத்த பணி 2015இல் நிறைவுற்றது. அக்கட்டடத்தின் சீரமைப்பு 2018இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதையும் பெற்றது.

மாற்றுக் கண்ணாடி கிடைப்பது எளிதன்று. திருப்பெரும்புதூரில் 2000 முதல் சேன்-கோபேன் ஆலை கண்ணாடி வார்க்கிறது. ஆனால் உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டு எடுக்கும் அக்கண்ணாடி நீர்மட்டம்போல் சமமானது. வாயால் ஊதிய பழைய கண்ணாடியின் குமிழும் நெளிவும் அதில் இல்லை. பழையதன் அருகே அது உயிரற்றுத் தோன்றும். ஊதும் கலை இன்னும் பிரான்சிலும் செர்மனியிலும் சில பட்டறைகளில் வாழ்கிறது. 2023இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபாகப் பட்டியலிட்டது. நல்ல சிவப்பை வாங்குவோர் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புத் தோல் தெரியும். முழுத் தடிமனும் சிவந்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும் என்பதால் முன்னோர் கண்ட உத்தி அது.

கடற்கரையில் பொருத்துவோர்க்கு இறுதியாகச் சில சொற்கள். உப்புக் காற்று முதலில் தாக்குவது கண்ணாடியை அன்று, அதைத் தாங்கும் இரும்புக் கம்பியை. துரு ஏறிய இரும்பு பருத்து, தன்னை அடுத்த கண்ணாடியை நெரித்து உடைக்கும். கம்பிகளை வெண்கலத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ மாற்றுவது இங்கே அலங்காரம் அன்று, உயிர்காப்பு. பெருங்காற்றையும் மறக்கலாகாது: கொல்கத்தா தூய பவுல் பேராலயத்தின் கீழ்ச் சாளரம் 1864ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது, நம் பகுதியிலேயே 2011இல் தானே புயலும் 2024இல் பெஞ்சல் புயலும் கரை கடந்தன. ஆகவே வெளிப்புறம் ஒரு தெளிந்த கண்ணாடி காப்பாக நிற்கட்டும். இரண்டிற்கும் இடையே மேலும் கீழும் காற்றோட்டத்திற்கு இடைவெளி வேண்டும். இல்லையேல் ஈரம் உள்ளேயே தங்கித் தீட்டிய கோடுகளை அரிக்கும். பழைய ஈயத்தைக் கையாள்பவர் கைகழுவாமல் உண்ணலாகாது. புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும், ஈயப் பட்டைக்குள் மறையும் இடத்தில், ஆண்டைக் கீறி வைக்க வேண்டும். அடுத்த முறை அதைப் பிரிப்பவர் பார்த்துக்கொள்வார்.