கனம் யாருக்கு, சுமை யாருக்கு?

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) சுமைக்கு மரியாதை செய்த அரிய படம். போடிப் பக்கத்து மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமியோடு நாமும் மூச்சிரைக்க நடக்கிறோம். மூட்டை சரிவில் உருண்டு சிதறும்போது அவனது நிலக்கனவும் சிதறுகிறது. அந்த மூட்டைக்குள் இருப்பது யாருடைய உழைப்பு என்ற கேள்விதான் படத்தின் நடுவே வருவதில்லை.

ஏலச்செடியின் சரம் தரையை ஒட்டிப் படர்வது. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். அப்படியானால், தோளேறும் ஒவ்வொரு மூட்டையைப்போல ஐந்து மடங்கு எடை முன்பே பெண்களின் விரல்வழியே போயிருக்கிறது. தோளில் ஏறியது காவியமாகிறது. விரல்வழி போனது கூலிக் கணக்கோடு முடிகிறது.

நம் மொழியும் இப்படித்தான் நிறுக்கிறது. செல்வாக்குள்ள ஆண் ‘கனவான்’, ‘வெயிட்டான ஆள்’. நிமிர்ந்து பேசும் பெண்ணுக்கோ ‘தலைக்கனம்’. கல்யாணமாகாத மகள் வீட்டுக்குப் ‘பாரம்’.

2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துப் போராடினார்கள். கூடை சுமப்பது யார், பணப்பை கனப்பது யாருக்கு என்று கேட்டார்கள். போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள்.

தொழிற்சங்க அரசியலை அக்கறையோடு பேசும் இந்தப் படம், ஈஸ்வரியை ரங்கசாமியின் மனைவியாகவே நிறுத்திவிடுகிறது. மலையின் எடையைச் சரியாகப் போடத் தராசைச் செடியடியில் வைக்கவேண்டும்.