சார்பியலும் முன்னுரைகளும்

கவிதைத் தொகுதிகளின் முன்னுரைகளில் ஐன்ஸ்டைன் இன்னும் வந்து போய்க்கொண்டிருக்கிறார். காதலிக்காகக் காத்திருக்கையில் நிமிஷம் யுகமாகிறது; உடனே சார்பியல் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. 'எல்லாமே சார்பானது' என்பது அடுத்த வரி. இரண்டுமே தவறு. காத்திருப்பவனின் தவிப்பு மனத்தின் விவகாரம். அதைச் சொல்ல 1905ஆம் வருஷத்துக் கட்டுரை தேவையில்லை. சங்கக் கவிகளுக்கே தெரிந்ததுதான்.

சார்பியல் பேசுவது கடிகாரங்களைப் பற்றி, மனம் இல்லாதவற்றைப் பற்றி. மியூவான் என்றொரு துகள். சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி, விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் இரண்டு கூறுக்குக் கொஞ்சம் மேல். ஃபிரிஷ், ஸ்மித் இருவரும் அமெரிக்காவின் வாஷிங்டன் மலையுச்சியில் மணிக்குச் சுமார் 563 மியூவான்களை எண்ணினார்கள். 1900 மீட்டர் கீழே, கடல்மட்டத்தில், 27 போலத்தான் மிஞ்சியிருக்க வேண்டும். 408 இருந்தன. துகளுக்குத் தவிப்பு ஏது, காதலி ஏது? நம் கணக்கில் அதன் கடிகாரம் மெதுவாக ஓடியது. துகளோடு கூடப் போகிறவன் கணக்கில் அந்தக் கடிகாரம் சரியாகவே ஓடியது, குறுகிப்போனது மலைதான். ஆனால் கீழே வந்து சேர்ந்தவை எத்தனை என்பதில் இரண்டு கணக்குக்கும் தகராறு இல்லை.

இந்தத் தகராறின்மைதான் விஷயமே. ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றே என்பதை விட்டுக்கொடுக்க மறுத்ததால்தான் காலமும் தூரமும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1908இல் மின்கோவ்ஸ்கி அவ்விரண்டையும் சேர்த்து, எவருக்கும் மாறாத ஓர் இடைவெளியைக் காட்டினார். இத்தனை பிடிவாதமான கொள்கைக்குச் 'சார்பு' என்ற பெயர் நிலைத்துவிட்டது!

இரட்டையர் கதை இன்னும் மோசமாக அடிபடுகிறது. வேகமாகப் போனவன் இளமையோடு திரும்புகிறான் என்று எழுதிவிடுகிறார்கள். சீராகப் பிரிந்து போகும்வரை இருவர் கணக்கிலும் மற்றவன் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது. அதில் ஒருவன் சரி, ஒருவன் தப்பு என்பதில்லை. ஒருவன் திரும்புகிறான், மற்றவன் திரும்பவில்லை. அதனால் பாதைகள் வேறு. ஒவ்வொரு பாதைக்கும் அதனதன் காலம். மறுபடி சந்திக்கையில் ஒருவனுக்கு நரைத்திருக்கிறது. யாருக்கும் பிரமையில்லை. இளையவன் எதையும் மிச்சம் பிடித்துவிடவுமில்லை. அவன் மூச்சும் பசியும் தூக்கமும் எப்போதும் போலத்தான் நடந்தன; அவன் போன வழியில் அவ்வளவு காலம்தான் இருந்தது.

இந்தக் கடைசி விஷயத்தின் பயங்கரத்தை நான் படித்த எந்தக் கவிதையிலும் பார்க்கவில்லை. ரயிலடியும் கைக்கடிகாரமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.