கணினிக் குறிப்பும் ஐதிகமும்: பாகான் டத்தோ வட்டார அனுபவத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தமிழ் உரைநடையின் வகைகளைப் பேசுவோர் சிறுகதை, புதினம், கட்டுரை, பயண நூல், தன்வரலாறு எனத் தொடர்வர். கடந்த முப்பதாண்டுகளில் தமிழர் பலர் கருத்தூன்றிப் படித்த உரைநடை ஒன்று இப்பகுப்பினுள் எங்கும் இடம்பெறுவதில்லை. கணினிக் குறிப்பு என்பதே அது. கணினி மெதுவாக இயங்கினால் என்ன செய்வது, மடிக்கணினியின் மின்கலத்தை எவ்வாறு பேணுவது, புதிய செயலி எப்போது சந்தைக்கு வரும், நினைவகத்தின் விலை குறையுமா என்பன போன்ற செய்திகளைத் தாங்கிய சிறு பத்திகள் அவை. சென்னையிலிருந்து வெளிவந்த 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழும் தினமலரின் 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் இவ்வகை எழுத்துக்கு ஒரு வடிவத்தை ஏற்படுத்தித் தந்தன. அவற்றின் ஒளிநகல்கள் மலேசியத் தமிழாசிரியர் அறைகளில் கைமாறியதை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வெழுத்தை இலக்கியம் என்று வாதிட நாம் வரவில்லை. ஆயினும் திறனாய்வுக்கு உட்படாத எழுத்தாகவே இது இருந்துவிட்டமை நமக்கு உடன்பாடன்று. ஒரு சிறுகதை பழுதுபட அமைந்தால் வாசகர் சலித்துக்கொள்வார், அவ்வளவே. ஒரு கணினிக் குறிப்பு பழுதுபட அமைந்தால் அதைப் படித்தவர் அன்றிரவே அதன்படி செய்துவிடுவார். படித்தவுடன் கையால் நிறைவேற்றப்படும் வாக்கியம் என்பது மருந்துக் குறிப்புக்கும் சமையற் குறிப்புக்கும் உரிய இயல்பு. மருத்துவச் சுவடிகளின் மொழியை நுணுகி ஆராய்ந்த தமிழ்ப் புலமை இதனையும் அவ்வாறு ஆராயலாம்.

நமது சான்றுகள் பெரும்பாலும் பாகான் டத்தோ வட்டாரத்திலிருந்து வருவன. பேராக் ஆற்றுக்கும் பெர்னாம் ஆற்றுக்கும் இடையே கடலை நோக்கிக் கிடக்கும் நிலப்பகுதி அது. கீழ்ப்பேராக் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து 2017இல் தனி மாவட்டமாயிற்று. பேராக்கின் ஏனைய பகுதித் தோட்டங்கள் ரப்பரை நம்பியிருந்த காலத்திலும் இங்குத் தென்னைக்குத் தனி இடம் இருந்தது; பின்னர் செம்பனை மிகுந்தது. தோட்டங்களையொட்டிச் சிறு தமிழ்ப்பள்ளிகள். கணினி பழுதுபட்டால் தெலுக் இந்தான் வரை சுமந்து செல்ல வேண்டும். ஆதலின் பழுதுபார்ப்பவரின் இடத்தை நெடுங்காலம் ஒளிநகல் எடுத்த குறிப்புத் தாளே வகித்தது.

இப்பள்ளிகளுக்கு மடிக்கணினி வந்த வழியும் நினைவுகூரத் தக்கது. 2003ஆம் ஆண்டு கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அவ்விரு பாட ஆசிரியர்களுக்கும் மடிக்கணினியும் ஒளிப்படவீழ்த்தியும் வழங்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆங்கிலத்தின்பொருட்டு வந்த அக்கருவியில்தான் ஆசிரியர் பலர் இரவில் தமிழ்த் தேர்வுத் தாள்களைத் தட்டெழுதினர். பகலில் ஆங்கிலம், இரவில் தமிழ் என அக்கருவி ஈருழைப்பு உழைத்தது. அதனைப் பேணும் முறையைச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு தமிழ்க் குறிப்பெழுத்தின்மீது வந்து விழுந்தது அவ்வாறே.

இனி, அறியும் முறையைப் பற்றிய ஒரு பழைய பகுப்பை இங்குக் கொணர்தல் தகும். மணிமேகலையின் 'சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை' அளவைகள் பத்தினை எடுத்துரைக்கிறது. காண்டல், கருதல், உவமம், ஆகமம் என வரும் அவ்வரிசையில் ஐதிகமும் ஒன்று. உலகோர் சொல்லுவதை அவ்வாறே மெய்யென்று தெளிதல் ஐதிகம். ஒரு மரத்தைக் காட்டி அதில் பேய் உண்டென்று ஊரார் சொல்ல, அதனை ஏற்பதே காப்பியம் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு. கணினி உலகின் வதந்திகளுக்கு இதனினும் பொருத்தமான பெயரை நாம் அறியோம். அங்கே மரம், இங்கே இயந்திரம். பேய் மட்டும் மாறவில்லை.

2002ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய ஒரு மின்மடல் இதற்குத் தக்க சான்று. கரடிப் பொம்மை உருவம் தாங்கிய ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அது நச்சுநிரல். பதினான்கு நாள் உறங்கிக் கிடந்து பின் அனைத்தையும் அழிக்கும். உடனே நீக்கிவிட்டு நண்பர்க்கும் தெரிவியுங்கள் என்றது அம்மடல். அக்கோப்போ விண்டோசுடன் மைக்ரோசாப்ட் நிறுவனமே சேர்த்து அனுப்பிய ஜாவா தொடர்பான துணைக் கோப்பு. தேடியவர் எவர்க்கும் அது கிடைக்கும். கிடைத்ததே அம்மடலுக்குச் சான்றாகிவிட்டது! காண்டல் அளவையைக் கொண்டே ஐதிகத்தை நிலைநாட்டிய அந்தச் சூழ்ச்சியை நாம் வியக்கிறோம். நல்ல வேளையாக, அக்கோப்பை இழந்தவர்களுள் பெரும்பாலோர்க்குத் தீங்கு நேரவில்லை. அதன் தமிழ் வடிவத்தை நமக்குக் காட்டிய ஆசிரியர் ஒருவர், "கரடி இருந்ததுங்க ஐயா, நானே கண்ணால பார்த்தேன்" என்று ஈராண்டு கழித்தும் உறுதியாகச் சொன்னார்.

எல்லா ஐதிகமும் பொய்யன்று என்பதே இவ்வெழுத்தை மதிப்பிடுவதில் உள்ள இடர்ப்பாடு. மின்கலத்தை முற்றும் தீர்த்த பிறகே மின்னேற்ற வேண்டும் என்னும் குறிப்பைக் கொள்க. நிக்கல்–காட்மியம் மின்கலங்கள் வழங்கிய காலத்தில் அதற்கு அடிப்படை இருந்தது. லித்தியம் அயனி மின்கலங்கள் வந்த பிறகு அக்குறிப்பு தலைகீழாயிற்று. அவற்றை அடிக்கடி அடிமட்டம்வரை தீர்ப்பது அவற்றின் ஆயுளைக் குறைக்கும். பொருள் மாறிவிட்டது, வாக்கியம் மாறவில்லை. நாம் கண்ட தமிழ்க் குறிப்புகளுள் மின்கலத்தின் வகையைச் சொல்லி அறிவுரை கூறியவை மிகச் சில. எவ்வகைக்கு, எக்காலத்துக்கு என்பதைச் சொல்லாது விடுதல் நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலாகும்.

குன்றக் கூறலால் விளைந்த கேட்டினை விரிவாகவே சொல்லவேண்டும். கணினி மெதுவாக இயங்குகிறதா, வன்தட்டை அழித்து விண்டோசை மறுபடியும் நிறுவுங்கள். அதற்குமுன் உங்கள் ஆவணங்களைக் குறுவட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள் என்பது அக்காலக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இது நிறைவான அறிவுரை. தமிழில் எழுதுவோர்க்கு அன்று. யுனிகோட் பரவலாகும் முன்னர்த் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தாப், தாம் ஆகிய முறைகளை முன்மொழிந்தது. திஸ்கி மற்றொருபால் வழங்கியது. தனியார் எழுத்துருக்கள் வேறு பலவாக இருந்தன. இவற்றில் எழுதிய கோப்பினுள் தமிழ் எழுத்து இல்லை; எண்களே உள. அவ்வெண்களைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அவ்வெழுத்துருவோ ஆவணக் கோப்புறையில் இராது. விண்டோசின் எழுத்துருக் கோப்புறையில் இருக்கும். ஆவணங்களைக் காப்பாற்றி வன்தட்டை அழித்த ஆசிரியர், கோப்பைத் திறந்தபோது கண்டது கொம்பும் புள்ளியும் மேலேறிய ஐரோப்பிய எழுத்துக்களின் குவியலை.

பாகான் டத்தோ வட்டாரப் பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த யு.பி.எஸ்.ஆர். பயிற்சித் தாள்கள் இவ்வாறு படிக்க இயலாமற் போயின. அவர் குறிப்பில் சொன்னபடியே செய்தார். ஒரு படியையும் தவறவிடவில்லை. எழுத்துருவையும் படியெடுக்க வேண்டும் என்னும் ஒரே வரி அக்குறிப்பில் இல்லை. இருந்திருக்க வேண்டிய அவ்வரி ஆங்கில மூலத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. மூலத்தில் இல்லாததைத் தமிழில் எழுதுபவர் சேர்க்கவில்லை. தமிழ்க் கணினிக் குறிப்பின் தலையாய குறை இதுவென நாம் கருதுகிறோம். அது தமிழில் எழுதப்பட்டது. தமிழில் எழுதுபவருக்காக எழுதப்படவில்லை.

கலைச்சொற்களைப் பற்றிய நம் விவாதங்கள் இக்குறையை மறைத்துவிட்டன என்றே தோன்றுகிறது. கணினியா கணிப்பொறியா, வன்தட்டா நிலைவட்டா எனக் கருத்தரங்குதோறும் வாதிட்டோம். மணவை முஸ்தபா போன்றோர் கணினிக் கலைச்சொற்களைத் தொகுத்தளித்த உழைப்பு போற்றுதற்குரியது. ஆனால் 'ஹார்ட் டிஸ்க்' என்றே எழுதி, 'முதலில் எழுத்துருவைக் காப்பாற்று' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரே அவ்வாசிரியருக்குத் தமிழ்த்தொண்டு செய்தவராவார்.

இதற்கு எதிரான நற்சான்றும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி தமிழைக் காட்டவல்லது. எனினும் ஆங்கிலப் பதிப்பில் அவ்வாற்றல் உறங்கிக் கிடந்தது. வட்டார, மொழித் தெரிவுகளுக்குள் சென்று, சிக்கல் எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிடவேண்டும். நிறுவு வட்டையும் சிலவேளை கேட்கும். அக்கட்டத்தின் அருகே தாய்லாந்து மொழியின் பெயர் இருந்தது; தமிழின் பெயர் இல்லை. தன் மொழிக்குரிய கதவு அதுவென்று எவரும் தாமாக ஊகித்தறிய இயலாது. அக்கதவைக் காட்டிய குறிப்பை, எழுதியவர் பெயரில்லாத அரைப்பக்கத் தாளாக, ஊத்தான் மெலிந்தாங் ஆசிரியர் ஒருவரிடம் கண்டோம். ஆறு வாக்கியங்கள். எந்தச் சொல்லைத் தேடுவது, வட்டு கேட்டால் என்ன செய்வது, முடிந்தபின் திரையில் எதைக் கண்டால் சரி என்பது வரை அதில் இருந்தது. இத்தனை செட்டான உரைநடையை நம் பாடநூல்களில் காண்பது அரிது.

நிலத்துக்கேற்ற குறிப்பு என்பதும் எண்ணத்தக்கது. சென்னை இதழ்கள் தூசியைப் பற்றி எழுதின. ஆங்கில நூல்கள் நிலைமின்சாரத்தை அஞ்சி மணிக்கட்டுப் பட்டை அணியச் சொல்லின. வறண்ட குளிர்நாட்டுக்கு உரிய அச்சம் அது. பாகான் டத்தோவின் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. நிலைமின்சாரம் அத்துணை எளிதில் சேர்வதில்லை. இங்குள்ள பகை இரண்டு. ஒன்று, நினைவகத் தகட்டின் தொடுமுனைகளில் படியும் மாசு. அதனைக் கழற்றிப் பள்ளி அழிப்பானால் மெல்லத் தேய்த்து மாட்டினால் செத்த கணினி எழுந்துவிடுவதுண்டு; வேடிக்கை போலத் தோன்றும் இக்குறிப்பு பயன்மிக்கது. மற்றொன்று, மின்னல். மழைக்காலத்தில் மின்செருகியைக் கழற்றுக என்பதோடு குறிப்புகள் நின்றன. மோடத்தை எரித்த மின்பாய்ச்சல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வந்தது. நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக்கிய முன்னோர் இதனையும் முன்னறிந்தனர் போலும்!

வன்பொருள் வதந்திகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அடுத்த மாதம் விலை இறங்கும், அடுத்த ஆண்டு வேகம் இரட்டிக்கும் என்னும் செய்திகளுள் பல நின்று பயன் இன்மை என்னும் குற்றத்துள் அடங்கும். பெண்டியம் 4 செயலி நான்கு கிகாஹெர்ட்சை எட்டும் என்று எழுதாதார் இல்லை. 2004 அக்டோபரில் இன்டெல் அத்திட்டத்தைக் கைவிட்டது. வெப்பமே தடையாயிற்று. எனினும் வதந்தி என்று தள்ளப்பட்டது மெய்யான வரலாறும் இருக்கிறது. 1994இல் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் பெண்டியம் செயலி சில வகுத்தல்களில் பிழை செய்வதைக் கண்டு வெளியிட்டார். இன்டெல் முதலில் அதனைச் சிறிதாக்கிப் பேசிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கேட்டவர்க்கெல்லாம் மாற்றித்தர இணங்கி, 475 மில்லியன் அமெரிக்க டாலரைச் செலவாகக் கணக்கெழுதியது. பின்னாளில் தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் தலைவீங்கிக் கசிந்ததும் அவ்வாறே முதலில் வாய்மொழியாகப் பரவி மெய்யெனத் தெளிந்த ஒன்று.

நைஸ்லி வகுத்தற் கணக்கையே வெளியிட்டார். எவரும் தம் கணினியில் அதனைச் செய்து பார்க்க இயன்றது. கரடிக் கோப்பையும் எவரும் தேடிப் பார்க்க இயன்றது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நேரியதே. வேறுபாடு இதில் உள்ளது: நைஸ்லியின் கணக்குப் பழுதற்ற செயலியில் சரியான விடை தரும்; பழுதுற்றதில் தராது. கரடியோ எல்லாக் கணினியிலும் இருந்தது. தவறாகும் வாய்ப்பே இல்லாத சோதனை சோதனையாகாது. இன்டெல் 1972இல் தன் முதல் அயல்நாட்டு ஆலையைப் பினாங்கில் நிறுவியது. நம் வீட்டுப் பிள்ளைகளுள் சிலரும் அத்தகைய ஆலைகளில் பணியாற்றியவர்கள். செயலியின் பிழை பற்றிய செய்தியோ நமக்கு அமெரிக்கா சுற்றியே வந்தது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றபோது, அன்று முதல் பழைய கணினிகள் இயங்கா எனப் புலனக் குழுக்களில் செய்தி பரவியது. அவை இயங்கின, பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் வழியே மாறியது. இருபதாண்டுக்கு முந்தைய ஒளிநகல் தாளில் சொல்வார் பெயராவது சிலவேளை இருந்தது. இன்று அதுவும் இல்லை.

மேற்சொன்ன ஆறாம் ஆண்டு ஆசிரியர் தம் குறுவட்டைப் பணி ஓய்வுக்குப் பின்னரும் வைத்திருந்தார். அவரது கோப்புகளைப் 'பொங்குதமிழ்' எழுத்து மாற்றியில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தோம். திஸ்கியில் எழுதியவை தமிழாயின. கடிதம் எழுதும் பயிற்சி, பழமொழி, கருத்துணர்தல் எனப் பதினான்கு தாள்கள். எஞ்சிய மூன்று, பெயர் மறந்துபோன ஏதோ ஓர் எழுத்துருவில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்துருவை அவருக்குக் கொடுத்தவர் யார் என்று அவர் இன்னும் நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.