வசியம் வைத்தது யார்? – காத்தவராயனும் ஒரு வெள்ளைக்காரச் சூனியக்காரியும்

1958-இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் ரிச்சர்ட் குவைன் இயக்கிய ‘பெல், புக் அண்ட் கேண்டில்’. மற்றது இங்கே டி.ஆர். ராமண்ணா இயக்கிய ‘காத்தவராயன்’. முன்னதில் கிம் நோவாக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும், பின்னதில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும். இரண்டிலும் காதல், இரண்டிலும் மந்திரம், இரண்டிலும் சிரிப்பு. ஒரு சமூகம் எந்தக் காதலை ‘மந்திரம்’ என்று சொல்லுகிறது? யாருடைய காதலை வெறும் காதலாக ஒப்புக்கொள்ள அதுக்கு மனசு வரவில்லை? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புலப்படும்.

அமெரிக்கப் படத்தின் கதை எளிமையானது. நியூயார்க்கில் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஒரு சூனியக்காரி. மாடியில் குடியிருக்கும் பதிப்பாளன் மேல் ஆசைப்பட்டு, தன் பூனையை வைத்து வசியம் செய்கிறாள். விஷயம் தெரிந்ததும் அவன் இன்னொரு சூனியக்காரியிடம் போய் வசியத்தை எடுத்துக்கொள்கிறான். ஆனால் அதற்குள் இவளுக்கு நிஜமாகவே காதல் வந்துவிடுகிறது. காதல் வந்ததும் சக்தி போய்விடுகிறது. அழத் தெரியாதவளுக்குக் கண்ணீர் வருகிறது. படம் சுபம்.

இதில் நம் விமர்சகர்கள் பார்க்காமல் விட்ட ஒன்று, அவளுடைய கடை. ஆரம்பத்தில் அவள் விற்பது ஆப்பிரிக்க, கடல்தீவுப் பழங்குடிகளின் முகமூடிகளும் சிலைகளும். சக்தி போய் ‘நல்ல பொண்ணு’ ஆனபிறகு அதே கடையில் சோழியும் சிப்பியும் கொண்டு செய்த பூக்கள். கறுப்பு மக்களின் சாமி வெளியே போனால்தான் வெள்ளைக் குடும்பம் உள்ளே வரும் என்பதை வசனமே இல்லாமல் படம் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஒன்று. மந்திரம் போட்டவளுக்கு அங்கே கிடைக்கும் தண்டனை கல்யாணம். நம்மாளுக்குக் கிடைத்தது கழுமரம்.

காத்தவராயன் கதை காவிரிக்கரைக் கதை. எங்க பக்கத்துச் சனங்க உடுக்கையடித்துப் பாடும் கதையில் அவன் பறையர் வீட்டில் வளர்ந்தவன். ஆத்தங்கரைக் காவல் அவன் வேலை. குளிக்க வந்த பிராமணப் பெண் ஆரியமாலையைக் கண்டு ஆசைப்படுகிறான். வேஷம் மாறுகிறான், வித்தை கற்கிறான், தொட்டியத்துச் சின்னானைக் கூட்டு சேர்க்கிறான், அவளைக் கொண்டுபோகிறான். ராஜா கழுவில் ஏற்றச் சொல்கிறான். டெல்டாவில் பிறந்தவனுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. கரை காக்கிறது நாம, மடை திறக்கிறது நாம, நாத்து முடி தூக்கிப் போடுறது நாம. அவங்க குளிக்கிற படித்துறையில் மட்டும் நாம கால் வைக்கக் கூடாது. காவல் காக்கிறவன் கண்ணெடுத்துப் பார்த்ததுதான் கதையின் முதல் குற்றம்.

இந்தக் கதையை அப்படியே விட்டால் ஊருக்குச் சங்கடம். ஆகவே அவன் சிவன்–பார்வதி சம்பந்தப்பட்ட சாபப் பிள்ளை ஆகிறான். கழுமரமும் கொலை இல்லை, சாப நிவர்த்தி. கதைப்பாடலிலேயே நுழைந்துவிட்ட இந்தச் சட்டகத்தைத்தான் சினிமா அப்படியே தூக்கிக்கொண்டது. 1941-இல் பி.யு. சின்னப்பா நடித்த ‘ஆரியமாலா’ இதே கதைதான், நல்ல வசூல். 1956-இல் ‘மதுரை வீரன்’ வந்தது. சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் அதில் அரண்மனையில் பிறந்தவன். வளர்த்த தாய் தகப்பன் யார்? என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம், சிரிப்பு நடிகர்கள். பிறப்பு அரண்மனைக்கு, வளர்ப்பு சேரிக்கு, வீரம் பிறப்புக்கு, சிரிப்பு வளர்ப்புக்கு. கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்க. முத்துப்பட்டன் கதையில் சக்கிலியப் பெண்களைப் பிறப்பால் பிராமணப் பெண்கள் ஆக்கிய ஒட்டுவேலையை நா. வானமாமலை அப்போதே எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த வேலையைச் சினிமா கலரும் சங்கீதமும் இல்லாமலா செய்யும்?

‘காத்தவராய’னை நான் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவன். ஜி. ராமநாதன் இசைக்கு மயங்காதவன் இல்லை. சாவித்திரியின் கண்ணுக்கு முன்னாடி எந்த மலையாள மாந்திரீகமும் நிற்காது. கூட வந்த எங்க அப்பாயி படம் முடிஞ்சதும் ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு: “நம்ம புள்ளைய சாமி புள்ளையாக்கிட்டானுவ. இனிமே அவனுக்காக அழுவ முடியாது, கும்புடத்தான் முடியும்.” கட்டுடைத்தல் என்று நாம் பத்துப் பக்கம் எழுதுவதை அது ஒரு மூச்சில் சொல்லிவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொல்லணும். படத்தில் மந்திரவாதம் வேடிக்கை. எங்க தெருவில் அது வேடிக்கையாக இருந்ததில்லை. எங்க சின்னத் தாத்தா பூசாரி, வேர் மருந்தும் தெரியும். ராத்திரியில் ஊர்த்தெரு ஆளுங்க ஒளிஞ்சு வந்து தாயத்து வாங்குவாங்க. அதே ஆளுங்க வீட்டு மாடு செத்தா விடிஞ்சதும் “எவன் வச்சான்?” என்று இவரைத்தான் களத்துக்கு இழுப்பாங்க. அவருக்கு விழுந்த அடிக்கு எந்தப் பூதமும் வந்து கைகொடுக்கவில்லை. உலகம் பூராவும் இதுதான் நடப்பு. 1692-இல் அமெரிக்காவில் சேலம் ஊர் சூனிய வழக்கில் முதலில் பிடிபட்டவர்களில் ஒருத்தி டிடுபா என்ற அடிமைப்பெண். பெண்களைச் சூனியக்காரி என்று அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகாரில் 1999-லும் ஜார்க்கண்டில் 2001-லும் தனிச்சட்டமே போடவேண்டி வந்தது. சூனியம் வைத்ததாகச் சொல்லப்படுகிறவர் யார் என்று பார்த்தாலே அந்த ஊரில் நிலம் யாரிடம் என்று தெரிந்துவிடும்.

இனி மையமான கேள்விக்கு வருகிறேன். ஆரியமாலை எங்கே? மந்திரம் கதைக்குள் வந்ததும் முதலில் காணாமல் போவது அவளுடைய விருப்பம்தான். அவள் விரும்பினாள் என்று சொன்னால் அக்கிரகாரமே ஆடிப்போகும். ‘அவன் மயக்கினான்’ என்று சொன்னால் அவளும் சுத்தம், குலமும் சுத்தம், குற்றவாளி ஒருத்தன்தான். வசியம் என்பது ஆதிக்கச் சாதி தன் பெண்ணின் வாயைக் கட்டப் பயன்படுத்தும் சொல். இது பழங்கதை என்று நினைக்காதீங்க. 2012-இல் ‘நாடகக் காதல்’ என்று ஒரு வார்த்தை வந்ததே, ஜீன்சும் கூலிங் கிளாசும் போட்டு எங்க பெண்களை மயக்குகிறார்கள் என்று ராமதாஸ் பேசினாரே, அது என்ன? மையும் தாயத்தும் போய் ஜீன்ஸ் வந்திருக்கிறது. மந்திரவாதி அதே ஆள்தான். அந்த வருசம் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தது.

இந்தச் சொல்லாடலை உடைத்தது சினிமா இல்லை, ஒரு பெண். 2016 மார்ச்சில் உடுமலையில் சங்கரை நடுரோட்டில் வெட்டிக் கொன்றபோது கூடவே வெட்டுப்பட்ட கௌசல்யா, கோர்ட்டில் தன் சொந்தத் தாய் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். என் விருப்பம், என் கல்யாணம் என்றார். 2017-இல் அந்தத் தகப்பனுக்குத் தூக்கு விதித்த தீர்ப்பு 2020-இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலையாக மாறியது வேறு விஷயம். ஆரியமாலை வாய் திறந்து பேசியது அந்தக் கூண்டில்தான்.

சினிமா இன்னும் அங்கே வந்து சேரவில்லை. 2018-இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ மந்திரத்தையும் சாமிப் பிறப்பையும் தூக்கி எறிந்த படம். பரியன் யாருடைய அவதாரமும் இல்லை. அதுக்காக மாரி செல்வராஜை எத்தனை தடவை வேண்டுமானாலும் பாராட்டலாம். ஆனால் அதிலும் தன் வீட்டார் பரியனுக்குச் செய்தது எதுவும் ஜோவுக்குத் தெரியாது. அந்தப் பெண் கடைசிவரை வெள்ளந்தி. ஆரியமாலை மறுபடியும் கரையிலேயே நிற்கிறாள்.

காத்தவராயனை நாம் கைவிட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மாரியம்மன் கோயில்களில் அவன் கூத்தாக இன்றும் கழுவேறுகிறான். நம்ம பக்கத்தில் உடுக்கைச் சத்தம் முழுசா நிற்கவில்லை. அந்தப் பாட்டில் மந்திரம் என்பது ஏமாற்று இல்லை, கல்வி. படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவன் நாடு கடந்து போய்க் கற்ற வித்தை. அதை அப்படி வாசிக்க நாம் பழகணும். எழுதப்போகும் தோழர்களுக்கு, குறிப்பாகத் தோழியருக்கு, ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சாபத்தை எடுத்துட்டு, சிவனையும் பார்வதியையும் மலைக்கு அனுப்பிட்டு, படித்துறையில் நின்ற அந்தப் பெண் கரையில் நின்றவனைப் பார்த்து முதலில் என்ன சொன்னாள் என்று எழுதுங்க.