ஊன்றுகிற காலையும் பாருங்கள்

அந்தமான் தலைநகரின் அபர்டீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் நேதாஜி ஸ்டேடியம். 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் கொடியேற்றிய ஜிம்கானா மைதானம் இதுதான். இங்கே பையன்கள் கால்பந்து ஆடும்போது அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி ஒன்று உண்டு. இடது ஓரத்தில் பந்து கிடைக்கிறது. அப்படியே இடது காலால் கிராஸ் போடலாம். பையன் நின்று, உடம்பைத் திருப்பி, பந்தை வலது காலுக்குக் கொண்டுவருகிறான். அதற்குள் எதிரணிப் பின்கள வீரன் வழியை அடைத்துவிடுகிறான்.

“இடது காலில் பலமே இல்லை” என்று ஓரத்திலிருந்து குரல் எழும். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். அங்கே குறைவது பழக்கம். 1998 உலகக் கோப்பை வீரர்களை ஆராய்ந்தபோது, அவர்களிலும் ஐந்தில் நான்கு பேர் வலதுகால்காரர்களே. பலம் வேறு சங்கதி. வலது கால் உதைக்கும்போது உடல் எடை முழுவதையும் தாங்குவது ஊன்றிய இடது கால். அதனால் உதைக்கத் தயங்கும் அந்தக் காலே எம்பிக் குதிப்பதில் முந்தலாம்.

ஆகவே அளந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் கோடும் அளவு நாடாவும் போதும். ஒற்றைக் காலில் நின்று முன்னோக்கித் தாவி, அதே காலில் தடுமாறாமல் இறங்க வேண்டும். ஒன்றில் 150 சென்டிமீட்டர், மற்றதில் 132 என்றால் வித்தியாசம் 12 சதவீதம். 10 முதல் 15 சதவீதத்தைப் பலர் எச்சரிக்கை எல்லையாக வைக்கிறார்கள். அது கல்லில் பொறித்த கணக்கல்ல. முன்னோக்கித் தாவுவதில் பின்தங்கும் கால் உயரக் குதிப்பதில் முந்துவதும் உண்டு. இங்கிலாந்தின் இளம் வீராங்கனைகளிடம், ஒற்றைக் காலில் உயரக் குதிப்பதில் வித்தியாசம் கூடியவர்கள் ஓட்டத்தில் மெதுவாக இருந்தார்கள். எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை.

பையன்கள் 13, 14 வயதில் மடமடவென்று வளர்வார்கள். பெண் பிள்ளைகள் அதற்கும் முன்பே. அந்தச் சமயத்தில் ஒரே ஒரு அளவை வைத்து ஒரு பிள்ளையை அணியிலிருந்து நீக்குவது அநியாயம். பயிற்சியாளர்கள் சில வாரம் விட்டு மறுபடி அளக்கட்டும். பின்தங்கும் காலுக்கு ஒரு சுற்றுப் பயிற்சி கூடுதலாகக் கொடுக்கட்டும். ஃபிஃபாவின் ‘11+’ வார்ம்-அப்பில் ஒற்றைக்கால் பயிற்சிகள் இருக்கின்றன. மொத்தமே சுமார் 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், அதைச் செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

மே மாதத்திலிருந்து இங்கே மழைதான். ஈரப் புல்லில் தாவவிட்டு அளக்காதீர்கள். வழுக்கினால் கணக்கும் கெடும், முழங்காலும் போகும்.